ஐந்நூற்று எண்பத்தாறுக்குப் பிறகு

ஜூன் 4, 2025

இன்று கணக்கில் ஒரு மூட்டை இடித்தது.

முந்திரிக்கொட்டைக் கப்பல். கரையில் நின்று நான் எண்ணுகிறேன். மேல்தளத்தில் நின்று ஸுஹைப் எண்ணுகிறான். நான் சரக்கு இறக்குபவர்களின் டாலி கிளார்க், அவன் கப்பல் ஏஜெண்டின் டாலி கிளார்க். ஒரே மூட்டைகள், எதிரெதிர்ப் பக்கம். ஷிஃப்ட் முடியும்வரை ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். துறைமுகத்தில் ஒருவர் மட்டும் எண்ணியது எண்ணிக்கையே இல்லை.

"ஏலே கணேசு, எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சிட்டு ஒரு மூட்டைய முழுங்கிட்டியே."

"நீதான் ஒண்ணு கூட எண்ணிருக்க. காயல்பட்டினத்துல மூட்டை குட்டி போடுமோ?"

லாரியில் ஏறித் திரும்ப எண்ணினோம். என்னுடையதுதான் தப்பு. கிழிந்த மூட்டை ஒன்றைத் தனியே ஒதுக்கியிருந்தார்கள். பார்த்தேன். சேர்க்கவில்லை.

ஏன்? அந்த நேரத்தில் மனதில் 586 ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 5

எனக்கே ஒருமுறை தெளிவாக எழுதி வைக்கிறேன்.

எந்த எண்ணையும் பகா எண்களாக உடைக்கலாம். 10 என்றால் 2, 5. இரண்டு துண்டு. 12 என்றால் 2, 2, 3. மூன்று துண்டு. துண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அந்த எண்ணை 'ஒற்றை' என்கிறேன். இரட்டைப்படையானால் 'இரட்டை'. ஆக என் கணக்கில் 12 ஒற்றை. 1-ஐ உடைக்கத் துண்டே இல்லை, பூஜ்யம், அதனால் இரட்டை.

இனி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். 2-இல் சமம். 3-இல் ஒற்றை முந்துகிறது. 4-இல் இரட்டை எட்டிப் பிடிக்கிறது, சமம். பிறகு 6, 10, 16, 26, 40, 96. பிடிக்கிறது, ஆனால் தாண்டுவதே இல்லை. 586-இல் கடைசியாக ஒருமுறை சமம். அதன் பிறகு பிடிப்பதும் இல்லை. பத்துக் கோடி வரை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒற்றைகள் எப்போதும் முந்தும். என்னிடம் நிறுவல் இருக்கிறது. ஏழு பக்கம்.

இணையத்தில் தேடவில்லை. தேட மாட்டேன். அடுத்தவன் அட்டையை எட்டிப் பார்த்தால் அப்புறம் என் கண் எதற்கு?

ஜூன் 9

பேராசிரியர் எஸ்றாவிடமிருந்து மெயில். திருநெல்வேலியில் அவரிடம் இந்த ஆண்டு முனைவர் ஆய்வுக்கு ஒரே ஓர் இடம். இருவரை அழைத்திருக்கிறார்: நான், கீழவைப்பாரிலிருந்து பெவின் என்று ஒருவர். ஜூலை 12 அன்று துறையில் ஆளுக்கு ஒரு மணி நேரம் சொந்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அதை வைத்து முடிவு.

தலைப்பு கேட்டிருந்தார். 'ஒற்றைகள் எப்போதும் முந்தும்: ஒரு நிறுவல்.' யோசிக்கவே இல்லை, உடனே அனுப்பினேன்.

பதில் ஒரு வரி: எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தாய்?

பத்துக் கோடி வரை என்று எழுதினேன்.

பதில் ஒரு சொல்: வா.

ஜூன் 11

முருகேஸ்வரி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஏழு பக்கத்துக்கும் நகல் எடுத்தேன். அம்மா போன பிறகு எனக்கு வீடு என்றால் அக்கா இருக்கும் இடம்தான்.

தாளை அடுக்கும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "ஏலே, இப்படி எண்ணிக்கிட்டே போனா கடைசில என்ன வரும்?"

"கடைசியே கிடையாதுக்கா."

"சோஹார் வேலைக்குக் கடைசி உண்டுலா. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பாஸ்போர்ட்டக் குடுக்கணும்னு வேல ஏற்பாடு பண்ணுனவரு நேத்தும் போன் பண்ணிட்டாரு. ஜூலை முப்பத்தொண்ணு. கேட்டியா?"

ஓமனில், சோஹார் துறைமுகத்தில் யார்டு சூப்பர்வைசர். மூன்று வருட ஒப்பந்தம். அத்தான் யார் யாரையோ பிடித்து வாங்கிய வேலை. அத்தானுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது. அதுதான் சங்கடம்.

அக்காவிடம் கையடித்துக் கொடுத்தேன். இடம் கிடைத்தால் திருநெல்வேலி. கிடைக்காவிட்டால் சோஹார், வாயைத் திறக்காமல்.

கிடைக்கும்.

ஜூன் 18

துறைமுக வாசல் டீக்கடை. காற்று, தூசி. ஸுஹைப் ஏழு பக்கத்தையும் வாங்கிப் படித்தான். பி.சி.ஏ. முடித்தவன், ப்ரோக்ராம் எழுதுவதில் கெட்டிக்காரன். தாள் பறக்காமல் இருக்க மேலே கிளாஸை வைத்துக்கொண்டு படித்தான். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்கன 'வெளிப்படை'ன்னு போட்டிருக்க."

"ஆமா."

"யாருக்கு வெளிப்படை?"

சொன்னேன். ஓர் எண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு துண்டு கூடுகிறது. ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். ஆகவே எண்ணையும் அதன் இருமடங்கையும் ஜோடி சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். எல்லைக்குள் ஜோடி கிடைக்காமல் சில எண்கள் மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஒற்றைகளே அதிகம் என்பது வெளிப்படை.

"அந்த மிச்சத்த எண்ணினியா?"

"எண்ண வேண்டாம். பாத்தாலே தெரியும்."

"அன்னைக்குக் கிழிஞ்ச மூட்டையவும் பாக்கத்தான் செஞ்ச."

கோபம் வந்துவிட்டது. "நீ கம்ப்யூட்டர்ல தட்டுத ஆளு. நிறுவல்னா என்னன்னு தெரியுமாலே உனக்கு?"

பக்கத்தில் டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸுஹைப் தாள்களை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தான்.

"தெரியாது மாப்ள. எண்ணத் தெரியும். நான் கப்பல் பக்கம் நின்னு எண்ணுதேன். நீ கரையிலேயே நில்லு."

ஜூன் 19

வெளிப்படை. வெளிப்படைதான்.

ஜூன் 24

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு காரணத்தை வைக்கப் பார்க்கிறேன். பகா எண்கள் எல்லாமே ஒற்றை, அவை மிச்சத்தில் நிறைய இருக்கின்றன. சரி. ஆனால் இரண்டு துண்டு எண்களும் நிறைய இருக்கின்றன. நான்கு துண்டு எண்களும். 'நிறைய' என்பது காரணமா?

ஐந்தாம் பக்கத்துக்குக் கீழே எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

பரவாயில்லை. பத்துக் கோடி எண்கள் சாட்சி. காரணம் இருக்கிறது, இன்னும் என் கைக்கு வரவில்லை. 12-ஆம் தேதிக்குள் வரவைப்பேன்.

ஜூன் 28

வரவில்லை. ஷிஃப்டில் ஸுஹைபிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டைக் கணக்கு மட்டும். சரியாக இருந்தது.

ஜூலை 1

மத்தியானம் கிரேன் நின்றுவிட்டது. ஸுஹைப் கப்பலிலிருந்து இறங்கி வந்தான். எப்போதும் ஏணியின் பாதியிலிருந்தே கத்துகிறவன், இன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ரெட்டை முந்திட்டு மாப்ள."

"எங்கன?"

போனைக் காட்டினான்.

906150257.

தொண்ணூறு கோடியே அறுபத்தோரு லட்சத்து ஐம்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. அதற்கு முந்திய எண்ணில் சமம். இதில் இரட்டை, ஒன்று கூடுதல்.

"உன் ப்ரோக்ராம் தப்பு."

"இருக்கலாம்."

"எங்கயோ இடம் பத்தாம நிரம்பி வழிஞ்சிருக்கும். பெரிய எண்ணு வந்தா அப்படித்தான் ஆகும்."

"இருக்கலாம். நீ ஒண்ணு எழுது. என்னோடதப் பாக்காத. எழுதி முடிச்சு ஓட்டு."

சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 2

பழைய ப்ரோக்ராம் இவ்வளவு தூரம் தாங்காது. முதலிலிருந்து எழுதுகிறேன். பத்து லட்சம் பத்து லட்சமாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் தனியாகச் சலித்து, முடிந்ததும் நினைவிலிருந்து அழித்து. ஸுஹைபின் பிழையை நானே கண்டுபிடித்துக் காட்டுவேன். கோபத்தில் விரல்கள் ஒழுங்காக ஓடுகின்றன.

முதலில் சின்னதில் சோதித்தேன். 96 சமம். 586 சமம். நல்லது.

ஜூலை 4

ஓடுகிறது. முப்பது கோடி. ஒற்றைகள் வெகுதூரம் முன்னால். வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா அடுக்களையிலிருந்து, "என்னல, தனியா சிரிக்க?" என்றாள்.

ஜூலை 5

எண்பத்தைந்து கோடி. இன்னும் ஒற்றைதான். இன்னும் ஒற்றைதான்.

ஜூலை 6

906150256: சமம்.

906150257: இரட்டை.

அதே எண். இலக்கத்துக்கு இலக்கம் அதே எண். நான் அவன் எழுதியதைப் பார்க்கவில்லை, அவன் நான் எழுதியதைப் பார்க்கவில்லை.

போச்சு. ஏழு பக்கமும் போச்சு. 586-ல விட்டத தொண்ணூறு கோடி தாண்டி வந்து பிடிக்குமா ஒண்ணு? இவ்வளவு தூரம் சும்மாதான இருந்த? இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தா என்ன? யார் கேட்டா உன்ன? — எண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 7

நிறுத்தாமல் மேலே ஓடவிட்டேன்.

906150257-இலிருந்து பெரும்பாலும் இரட்டைகளே முன்னால். 906316571-இல் உச்சம், 829 கூடுதல். பிறகு சரிவு. 906488079-ஐத் தாண்டியதும் மறுபடி ஒற்றைகள். மொத்தமே மூன்று லட்சத்துச் சொச்சம் எண்கள். தொண்ணூறு கோடியில் ஒரு சிறு திட்டு.

பத்துக் கோடியில் நின்றுகொண்டு 'எப்போதும்' என்று எழுதியவன் நான்.

ஷிஃப்ட் முடிந்து ஸுஹைபிடம் என் எண்ணைக் காட்டினேன். தன் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஜெயித்த முகம் இல்லை.

"சேர்ந்துட்டு" என்றான். கப்பல் கணக்கு சேரும்போது சொல்கிற அதே குரல். பிறகு, "வேற யாராவது இத எண்ணிருக்காங்களான்னு பாத்தியா?"

"பாக்கக்கூடாதுன்னு வச்சிருந்தேன்."

"அது பாதி விதிதான மாப்ள. ஷிஃப்ட் முடிஞ்சதும் சேர்த்துப் பாக்கணும்லா. நீ முடிக்கவே இல்லியே."

ஜூலை 8

தேடினேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதே ஊகத்தைச் சொல்லியிருக்கிறார். தப்பு என்று அறுபது வருடங்களுக்கும் முன்பே இன்னொருவர் காட்டிவிட்டார். முதலில் உடைவது இந்த எண்ணில்தான் என்று 1980-இலேயே கண்டுவிட்டார்கள். நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால். அதே ஒன்பது இலக்கங்கள் திரையில்.

எஸ்றாவுக்குத் தெரியாமல் இருக்குமா? எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தாய் என்று கேட்டாரே. தெரிந்துகொண்டே 'வா' என்று எழுதியிருக்கிறார். வந்து எல்லார் முன்னாலும் விழு என்றா?

வரவில்லை என்று மெயில் எழுதினேன். அனுப்பவில்லை.

ஜூலை 9

அக்காவிடம் சொன்னேன். ஏழு பக்கமும் தப்பு.

"அப்ப போக மாட்டியா?"

"போவேன்."

"தப்புன்னு தெரிஞ்ச பொறவு என்னத்தல பேசுவ?"

"எங்க தப்புன்னு பேசுவேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டைய அயர்ன் பண்ணிட்டாவது போ."

எஸ்றாவுக்கு எழுதினேன்: தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா? புதுத் தலைப்பு, 'வெளிப்படை என்ற சொல்லைப் பற்றி.' பதில் இல்லை.

ஜூலை 10

வரவில்லை என்று எழுதிய மெயிலை அனுப்பாமல் வைத்தது சரிதானா? சரிதான்.

ஜூலை 12

முதலில் பெவின். என்னைவிட இளையவன். மெல்லிய குரல், கரும்பலகைக்கே சொல்வதுபோல் பேசினான். சிறிய முடிவு, ஒரு குறிப்பிட்ட வகை எண்களுக்கு மட்டும். ஆனால் நிறுவியிருந்தான். எங்கேயும் தொங்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஓட்டை இல்லை.

பிறகு நான். எதுவும் சொல்லாமல் எண்ணைப் பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருவர் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"இந்த எண் என்னுடையது இல்லை" என்று தொடங்கினேன். "பதினோரு நாள் முன்புவரை இப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று ஏழு பக்கம் எழுதியிருந்தேன்."

ஐந்தாம் பக்கத்தை அப்படியே பலகைக்கு மாற்றினேன். அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு. ஜோடிகள், மிச்சம், மிச்சத்தைப் பற்றி நான் எடுத்துக்கொண்டது, இந்த எண்ணில் அது எப்படிக் கவிழ்கிறது. கணக்கு நன்றாக இருந்தது. தப்பான கணக்கை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

எஸ்றா முன்வரிசையில், கால்மேல் கால். முடிந்ததும் கேட்டார்: "இப்ப உன் கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"முதல் தலைப்பு அனுப்பும்போது?"

"எல்லாம் இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். எஸ்றா சிரிக்கவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. "உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா சார். ஏன் சொல்லல?"

எஸ்றா காலை இறக்கி வைத்தார்.

"சொல்லியிருந்தா நீ எண்ணியிருக்க மாட்ட" என்றார். "இன்னைக்கு வந்திருக்கவும் மாட்ட."

அது பதிலா? இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. பேருந்தில் வரும்போது பாதிக் கோபம். வல்லநாடு தாண்டும்போது, பெவின் செய்ததை இன்னொரு வகை எண்ணுக்கும் நீட்டலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14

இடம் பெவினுக்கு.

ஜூலை 15

நியாயம்தான். எழுதிவிட்டு மறுபடி படித்தேன். நியாயம்தான்.

ஜூலை 17

ஸுஹைப் கேட்டான். "அப்ப ஓமனா?"

"கையடிச்சுக் குடுத்திருக்கேன்."

"எங்க வீட்டுல மூத்தவங்க ரெண்டு பேரும் துபாய்ல. நான் மட்டும் இங்கன மூட்டை எண்ணுதேன். தினம் ஏச்சுதான். இருந்தும் போகல." பிறகு, "உனக்குச் சொல்லல. என் கதையச் சொன்னேன்."

ஜூலை 22

எஸ்றாவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமைகளில் துறையில் செமினார் நடக்கும். மாணவனாக இல்லாதவன் வந்து உட்காரலாமா என்று கேட்டேன்.

"நாற்காலிக்குப் பஞ்சமில்ல" என்றார். வைத்துவிட்டார்.

ஜூலை 30

பாஸ்போர்ட் மேஜைமேல் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சோஹார். நான் சொன்ன சொல். இதுவும் எண்ணாமல் சொன்ன சொல்தானோ? இல்லை, இதற்கு அப்படிச் சமாதானம் சொல்லக் கூடாது. தெரிந்துதான் சொன்னேன். தெரிந்துதான் மீறப் போகிறேன். அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் இல்லை. அத்தானிடமும்.

ஜூலை 31

கடையில் கூட்டம் கலையக் காத்திருந்து சொன்னேன்.

"கையடிச்சியேல."

"அடிச்சேன்."

"உங்க அத்தான் யார் யார் வாசல்ல நின்னாருன்னு தெரியுமா?"

"தெரியும். நானே அவர்ட்ட சொல்லுதேன்."

"அங்கன இடமும் இல்ல. பட்டமும் இல்ல. சனிக்கெழம சனிக்கெழம போயி பின்னாடி உக்காரப் போற. அதுக்கு இதையும் விடணுமா?"

"ஆமாக்கா."

"எத்தன வருசம்?"

"தெரியல."

மிஷின் மூடியை டப்பென்று மூடினாள். அத்தான் திட்டக்கூட இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, ஏற்பாடு செய்தவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். கூடப் போனேன். அங்கே நான்தான் பேசினேன்.

ஆகஸ்ட் 9

சனிக்கிழமைக்குப் பதிலாக ஞாயிறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். செமினார். பாதி புரியவில்லை. புரியாததை எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23

கால்வாசி புரியவில்லை.

அக்கா சாப்பாடு வைக்கிறாள். பேச்சு இல்லை.

செப்டம்பர் 13

மிச்சத்துக்கு வருகிறேன், திரும்பத் திரும்ப. ஜோடி கிடைக்காதவை. அது எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. சரி. ஆனால் எவ்வளவு தூரத்துக்குமேல் சாயாது என்று சொல்லலாமா? இரண்டுக்குப் பதிலாக மூன்றால் ஜோடி சேர்த்தால்? பெவினிடம் கேட்டேன். "தெரியல அண்ணன், நம்ம ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டுப் பாப்போமா?" என்றான்.

அக்டோபர் 18

செமினார் முடிந்து படியிறங்கும்போது எஸ்றா கூப்பிட்டார். வரும் ஆண்டு ஓர் இடம் வருகிறதாம். உறுதியில்லையாம்.

"பேர் குடுக்கிறியா?"

"குடுக்கிறேன் சார்."

"தலைப்பு?"

வாயில் ஒன்று வந்தது. நல்ல தலைப்பு. விழுங்கினேன்.

"இன்னும் இல்ல சார்."

தலையாட்டிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மழை. அக்கா கடையைப் பாதி சாத்தி வைத்திருந்தாள். நனைந்த தலையைப் பார்த்துத் துண்டைத் தூக்கிப் போட்டாள்.

"என்ன சொன்னாரு உன் வாத்தியாரு?"

ஜூலைக்குப் பிறகு திருநெல்வேலியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். உறுதியில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஷட்டரை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தாள்.

"இந்தப் பெரிய புஸ்தகம் மாதிரி எழுதிக் குடுப்பாங்களே கடைசில, அது எத்தன பக்கம் வரும்?"

"தெரியலக்கா. எரநூறு இருக்கலாம். வருசம் ஆகும்."

"அத ஜெராக்ஸ் போட வெளிய குடுத்துத் தொலைக்காத. முன்னாடியே சொல்லிரு. டோனர் வாங்கி வைக்கணும்."